ஹெரால்டுக்கு ஐந்து சக்கரம்

(நமது குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் என்னைப் பேச அழைத்தபோது, வங்கியில் இருந்தவன் என்பதால் வைப்பு நிதி, வருமான வரி என்று ஏதாவது கேட்பார் என்று நினைத்தேன். அவர் கேட்டது இதுதான்: "ஏனுங்க சார், பி பிளாக் கீழ்த்தளத்துல தார்ப்பாய் போட்டு ஒரு வண்டி நிக்குதே, அது எப்பங்க நகரும்?"

இரண்டு வருடமாக உங்களில் பலர் என்னிடம் கேட்கத் தயங்கிய கேள்வி அது. ஓடாத வண்டிகளை அப்புறப்படுத்தச் சொல்லி அறிவிப்புப் பலகையில் ஒட்டிய தாள் யாரை மனதில் வைத்து எழுதியது என்பதும் எனக்குத் தெரியும். எனவே பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். அந்த வண்டி இப்போது ஓடுகிறது. இத்தனை நாள் அது நின்றதற்குக் காரணம் என்ஜின் அல்ல, சக்கரம். அந்தக் கதையில் நம் எல்லோருடைய வண்டிக்கும் பயன்படும் விஷயம் கொஞ்சம் இருப்பதால் விவரமாகச் சொல்கிறேன்.

அது ஸ்டாண்டர்டு ஹெரால்டு. 1967-ல் பதிவான இரண்டு கதவு வண்டி. சேவூர்ப் பக்கம் தோட்டம் வைத்திருந்த என் பெரியப்பா பருத்தி கமிஷன் மண்டி நடத்தியவர். குழந்தை இல்லாத அவருக்கு அந்த வண்டிதான் பிள்ளை. நான் பி.காம். சேர்ந்த அன்று கோயமுத்தூருக்கு என்னை அதில்தான் கொண்டு போய் விட்டார். அவர் காலத்துக்குப் பிறகு வண்டி மாட்டுக் கொட்டகையில் செங்கல் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது. நான் ஓய்வு பெற்ற பிறகு பெரியம்மா, "நீயே எடுத்துட்டுப் போ சாமி, இரும்புக்காரன் வாரம் ஒருக்கா வந்து கேக்கறான்" என்றார். எடுத்து வந்தேன்.

இளையவர்களுக்காக வண்டியைப் பற்றி நான்கு வரி. இங்கிலாந்தில் 1959-ல் டிரையம்ப் ஹெரால்டு என்ற பெயரில் வந்த கார் இது. வடிவமைத்தவர் இத்தாலிக்காரரான ஜியோவானி மிக்கெலாட்டி. நம் ஊரில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 1961 முதல் வண்டலூர் பக்கம் பெருங்களத்தூரில் இதைத் தயாரித்தது. அம்பாசடர் கல்கத்தா வண்டி, ஃபியட் பம்பாய் வண்டி என்றால் ஹெரால்டு மதராஸ் வண்டி. 948 சி.சி. என்ஜின். முன்பக்க மூடி முழுவதும் மட்கார்டோடு சேர்ந்து முன்னால் கவிழ்ந்து திறக்கும். சுமார் 25 அடி வட்டத்துக்குள் வண்டி திரும்பிவிடும். நம் கீழ்த்தளத்துத் தூண்களுக்கு நடுவே இன்றைய வண்டிகள் மூன்று முறை முன்னும் பின்னும் போய்த் திரும்பும் இடத்தில் ஹெரால்டு ஒரே வெட்டில் திரும்பும்.

பத்து ஆண்டு ஓடிய பிறகு இந்த வண்டியின் தயாரிப்பு நின்றது. பின்னர் 1980-களின் இறுதியில் அந்த நிறுவனத்தின் கார் உற்பத்தியே நின்றுவிட்டது. ஆகவே ஷோரூமில் போய்ப் பாகம் கேட்கும் வண்டி அல்ல இது.

நான் எடுத்து வந்தபோது வண்டியில் நான்கு சக்கரமும் இல்லை. யாரோ எதற்கோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். என்ஜின் வேலை பார்த்த பட்டறையில், "டிஸ்க் பத்திக் கவலைப்படாதீங்கண்ணா, புது வண்டி டிஸ்கே போட்டுரலாம்" என்றார்கள். டிஸ்க் என்று நம் மெக்கானிக்குகள் சொல்வது டயர் ஏறுகிற இரும்புச் சக்கரத்தை. அதே 13 அங்குலம், அதே நான்கு ஓட்டை. பார்க்க அச்சாக இருந்தது. போல்ட்டில் மட்டும் சரியாக உட்காரவில்லை. ஓட்டையை அரத்தால் கொஞ்சம் இழைத்து மாட்டினார்கள். "ரெண்டு மில்லி தானுங்க, ஒண்ணும் ஆகாது." மேலே பளபளவென்று பிளாஸ்டிக் வீல் கப் ஒன்றையும் போட்டுவிட்டார்கள். மொத்தம் 11,000 ரூபாய். எனக்கும் திருப்திதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பேரனைப் பின் சீட்டில் உட்கார வைத்து, பெரியம்மாவுக்குக் காட்டலாம் என்று சேவூர் சாலையில் புறப்பட்டேன். பாதி தூரத்தில் பின்னால் 'கடக் கடக்' என்று சத்தம். "அப்பிச்சி, வண்டி ஆடுது" என்றான் பையன். பழைய வண்டி அப்படித்தான் ஆடும் கண்ணு என்று சொல்லி இன்னும் அரை கிலோமீட்டர் ஓட்டினேன். இன்றும் அந்த அரை கிலோமீட்டரை நினைத்தால் எனக்கு உள்ளங்கை வியர்க்கும். ஒரு டீக்கடை முன்னால் நிறுத்தி, இடது பின் சக்கரத்து வீல் கப்பைப் பிடுங்கினேன். அதற்குள் இரண்டு நட்டு கழன்று கிடந்தது. ஒரு போல்ட் அறுந்திருந்தது. மீதி ஒரே ஒரு நட்டு, அதுவும் விரலால் திருகும் அளவுக்குத் தளர்ந்து, மொத்தச் சக்கரத்தையும் பிடித்துக்கொண்டிருந்தது.

பட்டறைக்காரரைக் குறை சொல்லி முடித்துக்கொள்ளலாம். ஆனால் முப்பத்தைந்து ஆண்டு காசோலைகளில் கையெழுத்துச் சரிபார்த்தவன் நான். மாதிரிக் கையெழுத்து அட்டையை எடுத்து ஒப்பிடாமல் ஒரு காசோலையைக்கூடப் பாஸ் செய்ததில்லை. இந்த ஒரு விஷயத்தில் ஒப்பிடவே இல்லை. பார்க்க ஒன்று போல இருக்கிறது என்று விட்டுவிட்டேன். வீட்டுக்காரம்மா ஒரே வார்த்தைதான் சொன்னார்: "சக்கரம் சரியாகாம இந்த வண்டி கேட்டைத் தாண்டக் கூடாது." அன்று தார்ப்பாய் போட்டதுதான் நீங்கள் இரண்டு வருடம் பார்த்தது.

மாதிரிக் கையெழுத்து என்று சொன்னேனே, அது வண்டியிலேயே இருந்தது. டிக்கியில் பழைய சாக்கைத் தூக்கிப் பார்த்தால் அடியில் ஸ்டெப்னி. கழற்றிக்கொண்டு போனவர்கள் டிக்கியைத் திறக்கவில்லை. மண்ணெண்ணெய் தொட்டுக் கம்பி பிரஷால் தேய்த்ததும் இரும்பில் குத்திய எழுத்து தெரிந்தது: 3½ டி, 13. மூன்றரை அங்குலம் அகலம், 13 அங்குலம் விட்டம். நடுவில் உள்ள எழுத்து டயர் உட்காரும் விளிம்பின் வடிவத்தைக் குறிப்பது.

அதன் பிறகு ஒரு ஸ்கேலும் நோட்டும் எடுத்து உட்கார்ந்தேன். நீங்களும் செய்து பார்க்கலாம். நான்கு ஓட்டைச் சக்கரத்தில் எதிரெதிரே உள்ள இரண்டு ஓட்டைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றின் வெளி விளிம்பிலிருந்து மற்றொன்றின் உள் விளிம்பு வரை அளந்தால் கிடைப்பதுதான் போல்ட் வட்டத்தின் விட்டம். ஹெரால்டுக்கு அது மூன்றே முக்கால் அங்குலம், அதாவது 95.25 மில்லிமீட்டர். எனக்குப் போட்டிருந்த புது வண்டி டிஸ்குக்கு 100 மில்லிமீட்டர். வித்தியாசம் 4.75. ஒவ்வொரு ஓட்டையும் 2.375 மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது. அவர்கள் சொன்ன 'ரெண்டு மில்லி' அதுதான்.

அந்த ரெண்டு மில்லி ஏன் ஆளைக் கொல்லும்? சக்கர நட்டின் முனை கூம்பு வடிவில் இருக்கும். டிஸ்கின் ஓட்டையிலும் அதற்கேற்ற கூம்புக் குழி உண்டு. கூம்பு குழிக்குள் முழுவதும் சுற்றிப் பதிந்தால்தான் சக்கரம் நடுவில் நின்று இறுகும். ஓட்டையை இழைத்து நீட்டினால் குழியின் பாதி போய்விடும். நட்டு ஒரு பக்க ஓரத்தை மட்டும் பிடிக்கும். ஒவ்வொரு சுற்றுக்கும் போல்ட் ஒரு முறை வளைந்து நிமிரும். கம்பியை மடக்கி மடக்கி ஒடிப்போமே, அந்த வேலை சாலையில் நடந்துகொண்டிருக்கும்.

சரியான சக்கரம் என்றால் போல்ட் வட்டம் மட்டும் பொருந்தினால் போதாது. டிஸ்க் எவ்வளவு உள்ளே அல்லது வெளியே உட்காருகிறது என்று பார்க்க வேண்டும். விளிம்பின் மேல் நேரான கட்டையை வைத்து, அதிலிருந்து அச்சில் ஒட்டும் முகம் வரை அளந்தால் தெரிந்துவிடும். இது மாறினால் பேரிங்கின் மேல் பாரம் மாறும். ஹெரால்டு முழு வெட்டுக்குத் திரும்பும்போது அகலச் சக்கரம் உள்ளே உரசவும் உரசும். நட்டின் இழையும் முக்கியம். ஹெரால்டுக்கு அங்குலக் கணக்கில் எட்டில் மூன்று, நெருக்க இழை. மில்லிமீட்டர் நட்டைப் போட்டால் ஏறுவது போல் இருக்கும், பிடிக்காது.

இவை எல்லாவற்றையும் ஒரு அட்டையில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தேட ஆரம்பித்தேன்.

முதலில் சென்னை புதுப்பேட்டை. பழைய வாகன பாகம் என்றால் அங்குதான் எல்லோரும் போவார்கள். "ஹெரால்டு டிஸ்க்தான் சார், கண்ணை மூடிட்டு எடுத்துட்டுப் போங்க" என்றார் கடைக்காரர். கண்ணைத் திறந்து அளந்தேன். 114.3 வந்தது. நாலரை அங்குலம், வேறு வண்டி. அவர் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. அவருக்கும் யாரோ அப்படிச் சொல்லித்தான் விற்றிருப்பார்கள். வாய்ச் சொல் எத்தனை கை மாறினாலும் அளவு மாறாது.

பிறகு உக்கடத்தில் பழைய இரும்புக் குவியலில் இரண்டு கிடைத்தது. அளவு கச்சிதம். ஒன்றில் ஓட்டையைச் சுற்றி மயிரிழை விரிசல். பற்ற வைத்துத் தருகிறேன் என்றார்கள். வேண்டாம் என்று ஒன்றை மட்டும் எடுத்தேன். தோட்டத்துப் பக்கம் விசாரித்ததில் பெரியப்பா வண்டியின் சக்கரமே ஒரு ஜோடி, ஆயில் என்ஜின் வைக்கும் தள்ளுவண்டியில் இருந்தது. சந்தோஷமாகப் போய்ப் பார்த்தால், இரும்பு அச்சோடு சேர்த்து வெல்டு வைத்திருந்தார்கள். தொட்டுப் பார்த்துவிட்டு வந்துவிட்டேன்.

உடுமலைப்பேட்டைப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில், ஹெரால்டை எப்போதோ விற்றுவிட்ட குடும்பத்தில் இரண்டு டிஸ்க் உரமூட்டைக்கு அடியில் கிடந்தது. காசு வாங்க மறுத்துவிட்டார்கள். வண்டி ஓடும்போது ஒருமுறை கூட்டி வந்து காட்டினால் போதும் என்றார்கள். கடைசி ஒன்று மும்பை குர்லாவிலிருந்து வந்தது. என்னோடு வேலை பார்த்தவரின் மகன் அங்கே இருக்கிறார். அவருக்கு அளக்கும் முறையைப் படம் போட்டு அனுப்பினேன். மூன்று கடை ஏறி இறங்கி, ஸ்கேல் வைத்துப் படம் எடுத்து அனுப்பிய பிறகுதான் பணம் போட்டேன். இதே 95.25 அளவை டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற காருக்கும் வைத்திருந்ததால் வெளிநாட்டில் இன்றும் கிடைக்கிறது. ஆனால் கப்பல் கூலியில் இங்கே ஐந்து டிஸ்க் வாங்கிவிடலாம்.

ஸ்டெப்னி ஒன்று, உக்கடம் ஒன்று, உடுமலை இரண்டு, குர்லா ஒன்று. ஐந்து.

ஐந்தையும் நேராகச் சுற்றுகிறதா என்று பார்த்தோம். அச்சில் மாட்டி, விளிம்புக்குப் பக்கத்தில் பென்சிலை அசையாமல் பிடித்துக்கொண்டு சுற்றினால் கோணல் இருக்கும் இடம் தெரிந்துவிடும். ஒன்றை மட்டும் லேத் பட்டறையில் சரி செய்தார்கள். பெயிண்ட் அடிக்கும்போது கூம்புக் குழியில் மட்டும் தடிமனாகப் படியாமல் பார்த்துக்கொண்டேன். அங்கே பெயிண்ட் படிந்தால் ஓட ஓட நசுங்கும், நட்டு தளரும். பழைய 5.20-13 டயருக்குப் பதிலாக 145/80 ஆர் 13 ரேடியல், ஐந்தும் ஒரே மாதிரி, டியூப் போட்டு. இந்தப் பழைய டிஸ்கில் டியூப்லெஸ் டயரைப் பிடித்து நிறுத்தும் மேடு கிடையாது. அதனால் டியூப் கட்டாயம்.

இப்போது வீல் கப். சரியான சக்கரம் கிடைத்த பிறகு பிளாஸ்டிக் மூடியைப் போட மனம் வரவில்லை. பெரியம்மா வீட்டுப் பரணில் இரண்டு பழைய மூடி, துணியில் சுற்றி வைத்திருந்தார். "இன்னொண்ணு எங்கீங்க பெரியம்மா?" என்றேன். கொல்லைப்புறத்தைக் காட்டினார். கோழிக்குத் தண்ணீர் வைக்கும் தட்டாக அது பதினைந்து வருடமாக வேலை பார்த்துக்கொண்டிருந்தது.

நசுங்கி, கறுத்து, ஓரம் வளைந்திருந்த அதைத் தூக்கிக்கொண்டு அனுப்பர்பாளையம் போனேன். பாத்திரத் தொழிலுக்குப் பேர் போன ஊர் நம் பக்கத்திலேயே இருக்கும்போது வேறெங்கே போவது? வயதான ஆசாரி ஒருவர் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது அண்டா மூடி மாதிரிதானுங்க, ஆனா ஓரத்துல ஸ்பிரிங் கணக்கா ஒரு வளைவு இருக்குது. அது போச்சுன்னா வண்டியில நிக்காது" என்றார். கார் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் தகடு பேசுவது அவருக்குக் கேட்டது. உள்பக்கமிருந்து மரச் சுத்தியலால் தட்டித் தட்டி ஒரு மணி நேரத்தில் உருவத்தைக் கொண்டுவந்துவிட்டார். பழைய பூச்சை நீக்கி, பஃப் பாலிஷ் போட்டு, கோயமுத்தூரில் மறுபடி முலாம் பூசினோம். முதலில் செம்பு, மேலே நிக்கல், கடைசியில் குரோமியம். அடியில் ஒரு கீறல் இருந்தாலும் குரோமியம் மறைக்காது, எடுத்துக் காட்டும் என்று அங்கே சொன்னார்கள்.

நான்காவது மூடி எங்கும் கிடைக்கவில்லை. மற்றதைப் பார்த்து ஒன்று புதிதாகச் செய்துகொண்டேன். பத்தடி தள்ளி நின்றால் எனக்கே வித்தியாசம் தெரியாது. ஆனால் அதன் உள்பக்கம் பெயிண்டால் 'நகல்' என்று எழுதி, ஆண்டும் போட்டு வைத்திருக்கிறேன். நாளைக்கு இந்த வண்டி யார் கைக்குப் போனாலும் எது பழையது, எது புதியது என்ற கணக்கு அவர்களுக்கு நேராக இருக்க வேண்டும்.

இதில் சட்டமும் கொஞ்சம் இருக்கிறது. 2021 ஜூலையில் மத்திய அரசு மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுக்கு மேலான வண்டிகளை விண்டேஜ் என்று தனியாகப் பதியலாம் என்றது. சேசிஸ், பாடி, என்ஜின் மூன்றும் பெரிதாக மாற்றப்படாமல் அசல் உருவில் இருக்க வேண்டும். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து ஆண்டு செல்லும். முன்பே பதிவு எண் உள்ள வண்டி பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். அப்படிப் பதிந்தால் கண்காட்சிக்கும் பேரணிக்கும் எடுத்துப் போகலாம், தினசரி ஓட்டக் கூடாது. நான் இன்னும் விண்ணப்பிக்கவில்லை. உடுமலைக்கு ஒரு முறை போய் வந்த பிறகு யோசிக்கலாம் என்றிருக்கிறேன்.

கண்ணுக்கு விருந்தாகப் பழைய வண்டிகளைப் பார்க்க வேண்டுமானால் கோயமுத்தூர் அவிநாசி சாலையில் ஜி.டி. நாயுடு குடும்பத்தார் 2015-ல் திறந்த ஜி.டி. கார் மியூசியத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். போனால் ஒவ்வொரு வண்டியின் சக்கரத்தையும் குனிந்து பாருங்கள். ஒரு வண்டியை எவ்வளவு அக்கறையோடு வைத்திருக்கிறார்கள் என்பது அங்கேதான் தெரியும்.

செலவுக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. சரியான டிஸ்க் வாங்கி, கொண்டுவந்து, சரிபார்த்து, பெயிண்ட் அடித்தது எல்லாம் சேர்த்து 19,400 ரூபாய். டயரும் மூடியும் தனி. தவறான டிஸ்குக்குக் கொடுத்த 11,000 ரூபாயைப் பாடம் படித்த கட்டணம் என்று எழுதிவிட்டேன்.

கடைசியாக உங்களுக்கு மூன்று வேண்டுகோள். நம் கீழ்த்தளத்தில் நிற்கும் வண்டிகளில் பாதிக்குமேல் பிளாஸ்டிக் வீல் கப் போட்டவை. மாதம் ஒருமுறை அதைக் கழற்றி, நட்டை ஒரு ஸ்பேனரால் தொட்டுப் பாருங்கள். பஞ்சர் ஒட்டிய பிறகோ சக்கரம் மாற்றிய பிறகோ 50 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடி இறுக்குங்கள், எதிரெதிர் நட்டாக. அடுத்து, டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரம் செய்தது. உங்கள் ஸ்டெப்னி எந்த ஆண்டில் பிறந்தது என்று இன்று இரவே பார்த்துவிடுங்கள். மூன்றாவது, நிற்கும் வண்டியை வாரம் ஒருமுறை நான்கடியாவது நகர்த்துங்கள். ஒரே இடத்தில் நின்றால் டயரின் அடி தட்டையாகிவிடும். அதோடு அறிவிப்புப் பலகையில் தாளும் ஒட்டிவிடுவார்கள்.

சென்ற வாரம் பேரன் வந்திருந்தான். வீட்டுக்காரம்மா தாமே முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். சேவூர் வரை போய், பெரியம்மாவைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். அதே டீக்கடையில் நிறுத்தி, நான்கு மூடியையும் கழற்றி நட்டைச் சோதித்தேன். பையன் பக்கத்தில் குனிந்து உட்கார்ந்து ஒவ்வொன்றையும் எண்ணினான். "பதினாறும் இருக்குது அப்பிச்சி, போலாம்" என்றான்.

இனி அந்தத் தார்ப்பாய் உங்களுக்கு இடைஞ்சல் தராது. யாருக்காவது மழைக்கு வேண்டுமானால் சொல்லுங்கள், கொடுத்துவிடுகிறேன்.